மூணாவது கியரில் ஹென்றி

தூத்துக்குடி
ஜூலை 6

மகா கனம் பொருந்திய பிரதர் ஹென்றி அவர்களுக்கு,

தங்கச்சி டெல்பின் எழுதுவது. இங்கன அப்பா, அம்மா, நான் மூணு பேரும் சுகம். நாலாவதா ஒரு ஆளுக்குத்தான் சுகமில்ல, அது யாருன்னு பின்னால சொல்லுதேன். உன் சுகம், உன் மடத்துக் கொசுக்களின் சுகம் எல்லாத்துக்கும் பதில் எழுதவும். இந்த வருஷம் முழுக்க உனக்குப் போன் கிடையாது, கடிதம்தான்னு சொன்னதுலேர்ந்து அம்மா எனக்குப் புதுப் பேனா வாங்கித் தந்திருக்கா. பரீட்சைக்குக்கூட இப்படி வாங்கித் தந்ததில்ல.

சாமியாருக்குப் படிக்கப் போனதும் எல்லாரும் உன்னை பிரதர்னு கூப்பிடுதாங்களாமே. எனக்கு மட்டும் இருந்த ஒரு உரிமைய ஊருக்கே பந்தி வச்சிட்ட. இருக்கட்டும்.

சுகமில்லாத ஆளு நம்ம லாரி. நீ கிளம்பிப் போன வாரத்துலேர்ந்து மூணாவது கியர் நிக்க மாட்டேங்குது. ஆறுமுகநேரியில உப்பு ஏத்திக்கிட்டு ஆத்தூர் பாலம் ஏறும்போது சொல்லாமக் கொள்ளாம நழுவி நியூட்ரலுக்கு வந்திருது. பின்னால வார பஸ்காரன் அடிக்கிற ஹாரனும் சொல்லுற வார்த்தையும் உன் மடத்துக்குள்ள வரக்கூடாததுங்கறதால எழுதல. அப்பா என்ன சொல்லுதாரு தெரியுமா? "வண்டிக்கு ஹென்றி நெனப்பு வந்திருச்சு." அம்மா இதக் கேட்டுட்டு முந்தானைய எடுத்துக் கண்ணத் துடைக்கா. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. நம்ம வண்டி உப்பு ஏத்தினவனையே நினைக்குது.

அப்பா சொன்னதை அப்படியே எழுதுதேன்: "அண்ணனுக்கு எழுதிக் கேளு. அவன் காதுக்குத் தெரியாத சத்தம் அந்த வண்டியில கிடையாது." சனிக்கிழமைதோறும் காலேஜ் இல்லாத நாளெல்லாம் இடது சீட்டுல உக்காந்து போறவ நான். என் தலைக்கு ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கறது அப்பளமான்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு.

கிளம்புற அன்னைக்கு நீ என்ஜின் மூடி மேல போல்ட் போட்டு மாட்டிட்டுப் போன பனிமய மாதா கெபி பத்திரமா இருக்கு. அப்பா தினமும் அந்தக் கண்ணாடிப் பெட்டியத் துடைச்சு, தொட்டு விரல உதட்டுல வச்சு முத்தி செஞ்சுட்டுத்தான் சாவியப் போடுதாரு. முன் கண்ணாடிய ரெண்டு வருஷமா நான் துடைக்கேன். அத யாரும் தொட்டு முத்தி செஞ்சதில்ல.

இப்படிக்கு,
உன் ஒரிஜினல் சிஸ்டர்,
டெல்பின்

•

ஜூலை 21

அன்புள்ள டெல்பின்,

ஆண்டவர் கிருபையால் நான் நலம். உங்கள் மூவரின் நலத்துக்காகவும் தினமும் செபிக்கிறேன். இங்கே மலைக்காற்று நல்லது. மௌனம் பழகிக்கொண்டிருக்கிறேன். மௌனம் மனிதனுக்கு

ஏளா, மூணாவது கியர் எப்ப நழுவுது? ஆக்சிலேட்டர மிதிச்சிருக்கும்போதா, காலை எடுக்கும்போதா? லோடோட மட்டுமா, வெறும் வண்டியிலயுமா? நழுவுறதுக்கு முன்ன கியர் கம்பி நடுங்குதா, பொசுக்குன்னு வெளிய வருதா? பள்ளத்துல விழுந்து எந்திரிக்கும்போது வருதா? ஒண்ணொண்ணா பாத்து எழுது, உன் வசனத்தச் சேக்காத.

முதல்ல கியர் பாக்ஸ் உக்காந்திருக்கிற ரப்பர் மவுண்டிங்க பேச்சிராஜா மெக்கானிக்கிட்டச் சொல்லிப் பாக்கச் சொல்லு. அது நைஞ்சிருந்தா லோடு இழுக்கும்போது பெட்டியே அசையும், கியர் வெளிய வந்திரும். அப்பாகிட்டச் சொல்லு, பயப்பட ஒண்ணுமில்ல.

இடது சீட்டுல எப்பவும் நீயா உக்காருத? கெபி ஆடாம இருக்கா? நாலு போல்ட்டையும் நல்லாத்தான் முறுக்கினேன்.

செபத்தில் நினைவுகூரும்,
அண்ணன் ஹென்றி

•

தூத்துக்குடி
ஆகஸ்ட் 11

மௌனம் பழகும் அண்ணனுக்கு,

நலம், நலமறிய எல்லாம் வழக்கம்போல. மாதா கோயில் திருவிழா கொடியேறி, கூட்டம் கூடி, முடிஞ்சும் போச்சு. எனக்கு ராட்டினத்துல வாந்தி. அம்மா உன் பேருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏத்தினா. என் பேருக்கு ஏத்தல. நான் வாந்தி எடுத்துக்கிட்டிருந்ததால மறந்துட்டாளாம்.

உன் கடிதத்த அப்பா உப்பு குடோன் டீக்கடையில வச்சு நாலு பேருக்கு வாசிச்சுக் காட்டினாரு. மௌனத்தப் பத்தி நீ எழுதின இடத்த ரெண்டு தடவை வாசிச்சாரு. நான் எழுதிக் கொடுத்த கேள்விக்குத்தான் அந்தப் பதிலே வந்துச்சு, ஆனா கேள்விய யாரும் வாசிக்கல.

நீ கேட்டதுக்குப் பதில், வசனம் சேக்காம: லோடோட மட்டுமில்ல, வெறும் வண்டியிலயும் நழுவுது. மிதிச்சிருக்கும்போது நிக்கிது, பாலத்து ஏத்தத்துல காலை லேசா எடுத்ததும் வெளிய வருது. கம்பி நடுங்கல, பொசுக்குன்னு வருது. உன்னைய மாதிரியே. காப்பி குடிச்சிக்கிட்டே மடத்துக்குப் போறேன்னு பொசுக்குன்னு சொன்னியே, அப்படி.

பேச்சிராஜா மவுண்டிங்கப் பாத்தாரு. கல்லு மாதிரி இருக்கு. அவரு முறைய நீ பாக்கணும். எண்ணெய்க் கையோட மாதாவ அசிங்கப்படுத்தக்கூடாதுன்னு செருப்பக் கழட்டி, கையக் கழுவி, கெபியக் கழட்டிக் கொண்டுபோய் பட்டறைக்குள்ள இருக்கிற முருகன் படத்துக்குப் பக்கத்துல வைக்காரு. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே ஊதுபத்தி. அப்புறம்தான் வேலை. வேலை முடிஞ்சு வண்டிய ஹார்பர் ரோடு வரைக்கும் ஓட்டிப் பாத்தாரு. கியர் நழுவவே இல்ல. திரும்பி வந்து மாதாவ அதே இடத்துல முறுக்கி வச்சு, "வண்டியில ஒண்ணுமில்ல அண்ணாச்சி"ன்னு கும்பிட்டுட்டுப் போனாரு. அடுத்த நாள் ஆத்தூர் பாலத்துல மறுபடியும் பொசுக்.

ஆமா, இடது சீட்டுல எப்பவும் நான்தான். கால நீட்டி, ஜன்னல்ல கைய வச்சு, கடலை கொறிச்சுக்கிட்டு. காத்து ரொம்ப நல்லா வருது.

டெல்பின்

•

ஆகஸ்ட் 26

அன்புள்ள தங்கைக்கு,

நலம். அம்மாவின் மூட்டுவலிக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறாயா?

மவுண்டிங் இல்லன்னா அடுத்தது ஸ்பிரிங். கியர் பாக்ஸ் மேல்மூடிக்குள்ள, கம்பிய அதது இடத்துல பிடிச்சு நிறுத்த ஒரு சின்ன இரும்புக் குண்டும் அதுக்குப் பின்னால ஸ்பிரிங்கும் இருக்கும். ஸ்பிரிங் தளந்திருந்தா காலை எடுத்ததும் நழுவும். நீ சொல்லுற அடையாளமெல்லாம் அதுக்குத்தான் பொருந்துது. பேச்சிராஜா அண்ணாச்சி மேல்மூடியத் திறந்து பாக்கட்டும். நான் பக்கத்துல இருந்தா ஒரு தடவ கம்பியத் தொட்டதும் சொல்லிருவேன்.

இங்கேயும் ஒரு வேன் இருக்கு. அத பிரதர் அம்புரோஸ் கவனிக்கிறார். எனக்குத் தோட்ட வேலை, கத்தரிக்காய். அவருக்குக் கிளட்சுல காலை வச்சுக்கிட்டே ஓட்டுற பழக்கம். தோட்டத்துல நிக்கும்போது கிளட்ச் பிளேட் கருகுற வாடை வருது. அவருக்காக விசேஷமாகச் செபிக்கிறேன்.

இடது சீட்டுக் கிழிசல்ல நான் ஒட்டின டேப்ப நோண்டாத. உனக்கு எதையும் நோண்டுற பழக்கம் உண்டு. ஜன்னல்ல கைய வைக்காத, ரோட்டோரக் கம்பம் உரசினா கை போயிரும்.

ஹென்றி

•

தூத்துக்குடி
செப்டம்பர் 15

கத்தரிக்காய் பிரதருக்கு,

முத்தினா சந்தைக்கு வந்துதான ஆகணும்? உனக்கு எப்ப?

டேப்ப உரிச்சாச்சு. உன் கடிதம் வந்த அன்னைக்குத்தான் உரிச்சேன், அதுவரைக்கும் அங்கன டேப் இருக்கறதே எனக்குத் தெரியாது.

பேச்சிராஜா வழக்கம்போலச் செருப்பக் கழட்டி, மாதாவ முருகன்கிட்ட விட்டுட்டு, கியர் பாக்ஸ் மேல்மூடியத் திறந்தாரு. ஸ்பிரிங் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஹென்றி சொல்லிட்டானேன்னு அப்பா மாத்தச் சொல்லிட்டாரு. பேச்சிராஜா ஓட்டிப் பாத்தாரு, நழுவல. அப்பா ஓட்டினாரு, நழுவுது. இப்ப அப்பாவுக்கும் பேச்சிராஜாவுக்கும் பேச்சு இல்ல. பேரளவுக்குத்தான் பேச்சி.

இனிமே விளையாட்டு இல்ல அண்ணே. அப்பா வண்டிய விக்கப் போறாரு. கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பேன், அதுக்குள்ள சரியாகலன்னா காயலான் கடைக்குன்னு சொல்லிட்டாரு. பாலத்து மேல உப்பு லோடோட கியர் நழுவினா வண்டி பின்னால உருளும், பின்னால ஸ்கூல் வேன் இருந்தா என்னன்னு கேக்காரு.

ஆனா நான் ஒண்ணு கேட்டேன். வண்டிய எனக்கு வச்சிருங்க, லைசென்ஸ் எடுத்து நான் ஓட்டுதேன்னு. அப்பா சிரிச்சாரு. கேலியாச் சிரிச்சிருந்தாக்கூட பரவாயில்ல, பாவம்னு சிரிச்சாரு. "வண்டி தெரிஞ்சவனே சாமிக்குப் போயிட்டான், இனிமே யாருக்குளா வண்டி?"

நீ வேண்டாம்னு விட்டுட்டுப் போனத எனக்குத் தரவே யாருக்கும் தோணல, பாத்தியா? எனக்கு அந்த வண்டி வேணும். அதனால ஒரு பந்தயம். இந்த நோய உனக்கு முந்தி நான் கண்டுபிடிக்கேன்.

டெல்பின்

•

தூத்துக்குடி
அக்டோபர் 19

அண்ணே,

ஒரு மாசமா உங்கிட்டேர்ந்து கடிதம் இல்ல. தியானமா, காய்ச்சலா, கோபமா? கோபம்னா டேப்ப திருப்பி ஒட்டிட்டேன். இங்கன எல்லாரும் சுகம்.

கண்டுபிடிச்சிட்டேன்.

வண்டியப் பாக்கறத விட்டுட்டு ஆளப் பாத்தேன். மெக்கானிக் ஓட்டினா நழுவாது, அப்பா ஓட்டினா நழுவும். அப்ப நோய் கியர் பாக்ஸ்ல இல்ல, கையில இருக்கு. போன சனிக்கிழமை ரோட்டப் பாக்காம அப்பா கையவே பாத்துக்கிட்டு வந்தேன். மூணாவது கியருக்குக் கம்பிய முன்னால தள்ளணும்ல. தள்ளுதாரு. ஆனா கடைசி வரைக்கும் தள்ளல. ரெண்டு விரல் இடம் இருக்கும்போதே கை தன்னால நின்னுருது. ஏன்னா நேர் எதிர்ல உன் மாதா இருக்கா. முழுசாத் தள்ளினா கம்பிக் குமிழு போய்க் கண்ணாடிப் பெட்டியில இடிக்கும். மாதாவ இடிக்க அப்பாவுக்குக் கை வருமா? பாதி மாட்டின கியர் எத்தன நேரம் நிக்கும்?

பேச்சிராஜாவுக்கு ஏன் நழுவலன்னா, அவரு பக்தியா மாதாவ இறக்கி வச்சிட்டுத்தான வண்டியத் தொடுதாரு. ஓட்டிப் பாக்கும்போது எதிர்ல ஒண்ணும் இல்ல, கம்பி முழுசாப் போகுது. வேலை முடிஞ்சதும் அதே பக்தியோட நோயத் திருப்பி முறுக்கி வச்சிட்டுப் போறாரு. ரெண்டு பேரோட பக்தியும் சேந்து ஒரு கியர் பாக்ஸத் திறக்க வச்சிருச்சு.

பாவி, நீ வண்டி நியூட்ரல்ல நிக்கும்போது அளந்திருக்க.

நேத்து மாதாவக் கழட்டி என் மடியில வச்சுக்கிட்டேன். மாதா முன்னால இல்ல, நானும் ஒவ்வொரு தடவையும் "இன்னும் தள்ளுங்கப்பா"ன்னேன், அப்பா கை முழுசாப் போச்சு. ஆறுமுகநேரியிலேர்ந்து ஹார்பர் குடோன் வரைக்கும் ஒரு தடவகூட நழுவல. இறங்கினதும் அப்பாகிட்டச் சொன்னேன். என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு. பந்தயத்துல ஜெயிச்சவ முகத்த அப்படிப் பாக்க மாட்டாங்க.

"மாதாவால கியர் நழுவுதுன்னு சொல்லுதியா?"

மாதாவால இல்ல, மாதாவ வச்ச இடத்தாலன்னு சொன்னேன். கொஞ்சம் மேல, முன் கண்ணாடிக்கு மேல வச்சிருவோம்னு சொன்னேன். என் மடியிலேர்ந்து பெட்டிய வாங்கி அதே இடத்துல வச்சுக்கிட்டே சொன்னாரு: "அது ஹென்றி வச்ச இடம். அவன் சொல்லட்டும்."

வண்டிக்கு உன் நெனப்பு வந்திருச்சுன்னு அப்பா சொன்னது சரிதான். நீ போனதாலதான் கியர் போச்சு.

ஆகவே மகா கனம் பொருந்தியவரே, ஒரு வரி எழுதி அனுப்பும். பந்தயம் எனக்கு.

டெல்பின்

•

நவம்பர் 3

டெல்பின்,

நலம். தியானத்தில் இருந்தோம், அதனால்தான் எழுதவில்லை. நேற்று கல்லறைத் திருநாள் பூசையில் நம்ம குடும்பத்து ஆத்துமாக்கள் எல்லாரையும் நினைச்சுக்கிட்டேன்.

நீ சொல்லுறது காரணமா இருக்கும்னு எனக்குத் தோணல. ஒரு நாள் ஓட்டத்த வச்சு முடிவுக்கு வரக்கூடாது. உள்ள கியரத் தள்ளுற கவட்டை வளைஞ்சிருக்கலாம், பல்லு தேஞ்சிருக்கலாம். பேச்சிராஜா அண்ணாச்சியோட சமாதானமாகி, கியர் பாக்ஸ முழுசா இறக்கிப் பாக்கச் சொல்லு.

அப்படியே குமிழு இடிக்குதுன்னாலும் கெபிய நகத்த வேண்டியதில்ல. கம்பியச் சூடு பண்ணி டிரைவர் பக்கமா லேசா வளைச்சா போதும். கெபிய எடுத்தா மூடியில நாலு ஓட்டை நிக்கும். அத என்ன செய்வ?

இங்க மழை. கத்தரிச்செடி அழுகிருச்சு. பிரதர் அம்புரோஸ் வேன்ல காய்கறி வாங்கப் போயிருக்கார்.

ஹென்றி

•

தூத்துக்குடி
நவம்பர் 12

ஹென்றிக்கு,

நலம் விசாரிச்சு இந்தக் கடிதத்துல நேரத்த வீணாக்கப் போறதில்ல. விசாரிச்சதா வச்சுக்க.

கம்பிய வளைக்கலாமான்னு பேச்சிராஜாகிட்டக் கேட்டேன். இது பழைய இரும்பு, சூடு காட்டி வளைச்சா என்னைக்காவது அப்பா கையோட உடைஞ்சு வரும், நான் செய்ய மாட்டேன்னு சொல்லிட்டாரு. கியர் பாக்ஸ முழுசா இறக்கச் சொல்லி நீ எழுதினத அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டல. ஒரு நல்ல பெட்டிய எத்தன தடவ திறக்கறது? இது ஆபரேஷனா, அலமாரியா?

முந்தாநாள் காயலான் கடையிலேர்ந்து ஒருத்தன் வந்தான். டயரக் காலால உதைச்சுப் பாத்தான். கதவுல தட்டிப் பாத்தான். அப்பா வெளிய வரவே இல்ல. அம்மாதான் நின்னா.

உனக்குப் பொறாமை, அண்ணே. எனக்கு அந்த வாடை தூரத்துல வந்தாலே தெரியும், நான் அதுல தினமும் குளிக்கிற ஆளு. கிளட்ச் பிளேட் கருகுற வாடை அம்புரோஸ் வேன்லேர்ந்துதான் வருதுன்னு நினைக்காத.

அந்த வண்டியில உன் இடம் போயிரும்னு பயப்படுத. போகாது. அது எதாலயும் போகாதுங்கறதுதான் என் வயித்தெரிச்சலே. நீ இங்கன இல்ல, ஆனா அப்பா உங்கிட்டக் கேக்காம ஒரு நட்டக்கூடத் திருப்புறதில்ல. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், காரணத்தக் கண்டுபிடிச்சு மடியில வச்சுக் காட்டுதேன், ஹென்றி சொல்லட்டுங்காரு. நீ மாதாவ மேல நகத்தினா உனக்கு என்ன குறையும்? வண்டி காயலான் கடைக்குப் போனா அப்பாவும் கூடவே போயிருவாரு, வீட்டுல ஈசிசேர்ல உக்காந்திருக்கற அப்பாவ நீ கற்பனை பண்ணிப் பாரு.

கடிதத்த அப்பா பேருக்கு எழுது. எனக்கு வேண்டாம்.

டெல்பின்

•

டிசம்பர் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் ஹென்றி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அம்மாவும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

அப்பா, மாதாவ வச்ச இடம் தப்பு. நான் வண்டி நியூட்ரல்ல நிக்கும்போது அளந்தேன், கிளம்புற அவசரம். அளக்கும்போது மூணாவது கியர்ல போட்டு அளந்திருக்கணும். முன் கண்ணாடிக்கு மேல, பழைய ஸ்பீக்கர் இருந்த இடத்துல மாத்தி வைங்க. அங்கிருந்து ரோடும் அவளுக்குத் தெரியும்.

வேலைய டெல்பின் செய்யட்டும். அவதான் கண்டுபிடிச்சா. இங்கேர்ந்து நான் கேட்டதெல்லாம் வண்டியப் பத்தின கேள்வி. அவ உங்க கையப் பாத்திருக்கா. எனக்கு அது தோணல.

இனிமே வண்டிக்கு ஏதாவதுன்னா அவகிட்டக் கேளுங்க. எனக்கும் எழுதச் சொல்லுங்க, தெரிஞ்சுக்கறதுக்கு.

மூடியில இருக்கற நாலு ஓட்டையையும் அடைச்சிரச் சொல்லுங்க. என்ஜின் சூடு மேல வரும்.

உங்கள் ஆசீரை வேண்டும்,
ஹென்றி

•

தூத்துக்குடி
டிசம்பர் 20

அன்புள்ள மகன் ஹென்றிக்கு அப்பா டெரன்ஸ் எழுதுவது. நாங்கள் சுகம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

மாதாவை மேலே வைத்தாச்சு. டெல்பின்தான் ஏணி போட்டு ஏறினாள். கியர் நிற்கிறது. வண்டியை விற்கவில்லை. காயலான் கடைக்காரனிடம் சொல்லிவிட்டேன். பேச்சிராஜா வீட்டுக்கு அம்மா கேக் கொடுத்து அனுப்பினாள்.

ஒன்று உண்டு. மாதா அங்கே இல்லை, ஆனாலும் என் கை பழக்கத்தில் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. பாலம் ஏறும்போது டெல்பின் இடது பக்கத்திலிருந்து என் கை மேலே கையை வைத்து மீதியைத் தள்ளுகிறாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே தள்ளுகிறாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. போன மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. முதலில் கார் லைசென்ஸ், இருபது முடிந்ததும் லாரிக்கு. அதுவரைக்கும் நான் ஓட்டுவேன், அப்புறம் வண்டி அவளுக்கு என்று சொல்லிவிட்டேன்.

நாலு ஓட்டையையும் அடைக்கச் சொல்லி எழுதியிருந்தாய். நான் மெழுகு ஊற்றினேன், சூட்டில் உருகிவிட்டது. மாதாவுக்கு மேலே புது போல்ட் போட்டுவிட்டு, உன்னுடைய பழைய நாலு போல்ட்டையும் டெல்பின் அதே ஓட்டைகளில் திருப்பி முறுக்கி வைத்திருக்கிறாள். எதையும் பிடிக்காமல் சும்மா நிற்கிறது. எதுக்குளா என்று கேட்டேன். சூடு மேலே வராமல் இருக்க என்றாள். தினமும் அதையும் துடைக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்குத் தோட்டம் பிடிக்கவில்லை என்றால் அங்கே உள்ள பெரியவரிடம் வாய் திறந்து சொல். வேனைத் தொட்டுப் பார்க்கக் கேள்.

அப்பா

பின்குறிப்பு, டெல்பின்: இந்தக் கடிதத்தத் தபால் பெட்டியில போடச் சொல்லி அப்பா எங்கிட்டக் குடுத்தாரு. ஒட்டல, அதனால வாசிச்சேன். பதினெட்டு வருஷத்துல எனக்கு ஒரு வரி எழுதித் தந்ததில்ல. உனக்கு முழுப் பக்கம். இத ஒரு வாரமா பைக்குள்ள வச்சுக்கிட்டே சுத்துதேன். கிறிஸ்மஸும் முடிஞ்சு போச்சு. இது உன் கைக்கு வந்துச்சுன்னா, கடைசியில என் கை தபால் பெட்டி வரைக்கும் போச்சு, நான் பாதியில நிக்கலன்னு தெரிஞ்சுக்க.